துனிஸில் என் கணவர் பார்த்த மியூசியங்கள்

துனிஸ் நகரத்திலும் அதைச் சுற்றியும் அவசியம் பார்க்க வேண்டிய மியூசியங்கள் நிறைய உண்டு என்று என் கணவர் போனில் அடிக்கடி சொல்வார். போய்ப் பார்த்துவிட்டு வந்துவிட்டேன். அவசியம் ஒன்றும் இல்லை.

இப்படிச் சொல்வதால் என்னை ரசனை கெட்டவள் என்று நினைக்க வேண்டாம். டெல்லியில் லோதி ரோடு பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்துகிறேன். வருஷா வருஷம் பிள்ளைகளைப் பஸ்ஸில் ஏற்றி மியூசியத்துக்குக் கூட்டிப்போகிற வேலை என் தலையில்தான் விழும். மியூசியம் என்றால் எனக்குச் சிலையோ செப்பேடோ ஞாபகம் வராது. தலை எண்ணுவதுதான் ஞாபகம் வரும். போகும்போது எத்தனை தலை, வரும்போது எத்தனை தலை. ஒருவன் எப்போதும் கக்கூஸில் இருப்பான்.

என் கணவர் மத்திய அரசில் கணக்கு அதிகாரியாக இருந்தவர். ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் இருந்தோம். ஐம்பது வயது தாண்டியதும் அவருக்குத் திடீரென்று உலகம் பார்க்கும் ஆசை வந்தது. யார் சொல்லியும் கேட்காமல் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, உர ஆலை கட்டும் ஒரு தனியார் கம்பெனியில் சேர்ந்தார். அவர்கள் அவரை வட ஆப்பிரிக்காவில் இருக்கும் துனீசியாவுக்கு, அதன் தலைநகரமான துனிஸுக்கு அனுப்பினார்கள். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு நானும் மகன் கார்த்திக்கும் முனிர்க்காவில் ஒரு வாடகை வீட்டுக்கு வந்தோம். ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுக் கொடியில் காயும் துணி நம் மூக்கைத் துடைக்கும்.

போனவர் முதல் தீபாவளிக்கு வந்தார். அதோடு சரி. போனில் பேசும்போதெல்லாம் குசுகுசுவென்று பேசுவார். கேட்டால், “மீட்டிங்ல இருக்கேன், அப்புறம் பேசுதேன்” என்பார். என் மனுஷனுக்கு நாள் முழுக்க மீட்டிங் வைக்கிற அளவுக்குத் துனீசியாவில் என்ன குடி முழுகிப்போகிறது என்று எனக்குப் புரியவில்லை. பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மாள் ஒரு நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, வெளிநாட்டில் தனியாக இருக்கும் ஆண்களைப் பற்றிச் சில விஷயங்கள் சொன்னாள். அன்று ராத்திரி எனக்குச் சப்பாத்தி இறங்கவில்லை.

கார்த்திக்தான் சொன்னான். “அம்மா, தசரா சுட்டி இருக்குல்ல? நீயே போய்ப் பாத்துட்டு ஆ ஜாவ். டென்ஷன் மத் லோ.” தசரா லீவில் போய்வா, கவலைப்படாதே என்கிறான். டெல்லியில் பிறந்த பிள்ளை. அவன் தமிழுக்கு அர்த்தம் கேட்பதை நான் எப்போதோ நிறுத்திவிட்டேன்.

நான் வருகிறேன் என்று என் கணவரிடம் போனில் சொன்னேன். லைன் அறுந்துவிட்டது என்று நினைத்தேன். பிறகு, “வா. இங்க மியூசியம் நெறைய இருக்கு” என்றார்.

துனிஸில் இறங்கிய சாயங்காலம் விமான நிலையத்தில் ஆபீஸ் காரும் டிரைவரும் நிற்பார்கள் என்று பார்த்தேன். என் கணவர் மட்டும் நின்றார். இளைத்திருந்தார். சட்டைக் காலருக்கும் கழுத்துக்கும் நடுவில் இரண்டு விரல் போகும்.

“கார் எங்க?”

“டிரைவருக்கு லீவு.”

மஞ்சள் டாக்ஸிக்காரன் வழி முழுக்க ஒரு கையால் வண்டியை ஓட்டி இன்னொரு கையால் பேசினான். நம் டெல்லி ஆட்டோக்காரர்களாவது திட்டும்போது மட்டும்தான் கையை எடுப்பார்கள். என் கணவர் அவனோடு அரபியில் வழவழவென்று பேசிக்கொண்டு வந்தார். இத்தனை வருஷம் டெல்லியில் இருந்தும் காய்கறிக்காரனிடம் “கித்னா” என்று விலை கேட்பதற்கு மேல் ஒரு வார்த்தை சேர்த்துப் பேசாத மனுஷர். இந்த மொழியை இவருக்குச் சொல்லிக்கொடுத்தவள் யார் என்றுதான் என் புத்தி ஓடியது.

வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் இல்லை. சுத்தமாக இருந்தது. சுத்தமாக இருந்ததும் எனக்குச் சந்தேகமாக இருந்தது. ரசம் வைத்திருந்தார். பெருங்காயம் தீர்ந்து ரொம்ப நாள் ஆகிறது என்றார். ரசத்தைக் குடித்தால் அது தெரிந்தது.

மறுநாள் காலை பார்தோ என்ற பகுதிக்குப் போனோம். அங்கே ஒரு பழைய அரண்மனையை மியூசியமாக்கி வைத்திருக்கிறார்கள். போவதற்கு ‘மெட்ரோ’ என்றார். டெல்லி மெட்ரோவில் போய்ப் பழகியவள் என்ற தைரியத்தில் சரி என்றேன். வந்தது தெருவோடு போகும் ட்ராம். அதற்கு மெட்ரோ என்று பெயர் வைத்தவரை நான் ஒரு நாள் சந்திக்க வேண்டும். என் முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவில் ஒருவர் நீளமான ரொட்டியைச் செருகிக்கொண்டு வந்தார். இறங்கும்போது அதை உருவிக்கொண்டு, மன்னிப்பு மாதிரி ஏதோ சொன்னார்.

அரண்மனையின் கூரை வேலைப்பாடு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கூரையைப் பார்க்க விடாமல் சுவர் முழுக்க மொசைக். ரோமர்கள் காலத்தில் பணக்காரர்கள் வீட்டுத் தரையில் பதித்த சின்னச் சின்னக் கல் ஓவியங்களைப் பெயர்த்து எடுத்துவந்து சுவரில் நிறுத்தியிருக்கிறார்கள். எங்கே பார்த்தாலும் மீன். பெரிய மீன், சின்ன மீன், மீன் தின்னும் மீன், மீன் மேல் உட்கார்ந்து போகிற குழந்தை. சைவச் சாப்பாட்டுக்காரியான எனக்கு இரண்டாவது மாடி ஏறுவதற்குள் மீன் வாடையே அடித்தது.

விருந்து முடிந்த தரையைப் பற்றி என் கணவர் சொன்னதுதான் எல்லாவற்றுக்கும் மேல். அந்தக் காலத்துச் சாப்பாட்டு அறைகளில் மீன் முள், முட்டை ஓடு, கடித்துப் போட்ட எலும்பு எல்லாம் கீழே சிந்திக் கிடப்பதைப் போலவே கல்லில் பதித்துவைப்பார்களாம்.

“வேணும்னே குப்பையைப் பதிச்சு வெச்சிருக்கான் பாரு” என்றார், தானே பதித்த மாதிரி.

“பெருக்காத தரையைப் பாக்கவா என்னையப் பிளேன் ஏத்திக் கூட்டியாந்திய? அதுக்கு கார்த்திக் ரூம் போதுமே.”

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் பார்த்து நாளாகிவிட்டது. உடனே நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அப்போதுதான் ஒரு காவலாளி வந்தார். தடித்த ஆள், பெயர் மொன்செஃப். “யா ஹிந்தி!” என்று கூவிக்கொண்டே வந்து என் கணவரைக் கட்டிப்பிடித்து, இந்தக் கன்னத்தில் ஒன்று, அந்தக் கன்னத்தில் ஒன்று என்று முத்தம் கொடுத்தார். பாளையங்கோட்டைக்காரர் ஒருவர் கல்யாண வீட்டில்கூட மச்சினனைத் தொட்டுப் பேசமாட்டார். என் கணவர் கன்னத்தைக் காட்டிக்கொண்டு நின்றார்.

ஹிந்தி என்றால் அவர்கள் மொழியில் இந்தியன் என்று அர்த்தமாம். இந்தி வராத மனுஷருக்கு நல்ல பெயர். சப்பாத்திக்கள்ளிப் பழத்துக்கும் அதே பெயர்தான் என்று வெளியே வந்ததும் காட்டினார். தள்ளுவண்டியில் அதைக் குவித்து, முள் நீக்கி, தோல் சீவி விற்கிறார்கள். ஜனங்கள் நின்று வாங்கிச் சாப்பிடுகிறார்கள். எங்கள் ஊர்ப் பக்கம் ஆடுகூட அதைச் சுற்றிக்கொண்டுதான் போகும்.

மதியச் சாப்பாடு ஒரு தனிக் கொடுமை. கறி வேண்டாம், மீன் வேண்டாம் என்று என் கணவர் கடைக்காரரிடம் விளக்கமாகச் சொன்னார். அவர் நெஞ்சில் கைவைத்துத் தலையாட்டினார். கொண்டைக்கடலை சூப் வந்தது. அடியில் பழைய ரொட்டியைப் பிய்த்துப் போட்டு, சீரகப்பொடி தூவி, ஹரிஸா என்கிற மிளகாய் விழுதை ஒரு கரண்டி வைத்திருந்தார். அந்த விழுது மட்டும் நம் ஊர் மிளகாய்ச் சட்னிக்குச் சித்தப்பா மகள் மாதிரி இருந்தது. நன்றாக இருக்கும் போலிருக்கிறதே என்று கரண்டியை எடுத்தேன். மேலே சூரை மீன்.

“மீன் வேணாம்னு சொன்னியளா இல்லையா?”

என் கணவர் கேட்டார். கடைக்காரர் பதில் சொன்னார். “இது மீன் இல்லையாம். டின்ல வருததாம்” என்று என் கணவர் மொழிபெயர்த்தார்.

மூன்றாவது நாள் பழைய நகரத்துக்குள் போனோம். நம் சாந்தினி சௌக்குக்கு வெள்ளையும் நீலமும் அடித்து, மாட்டையும் மின்சாரக் கம்பியையும் எடுத்துவிட்டால் அந்த மாதிரித்தான் இருக்கும். சந்துக்குள் சந்து. அதற்குள் ஒரு பணக்காரர் வாழ்ந்த வீடு இப்போது மியூசியம். அறைக்கு அறை பிளாஸ்டர் பொம்மைகளை உடுத்தி உட்காரவைத்திருக்கிறார்கள். கல்யாணப் பெண் பொம்மைக்குச் சரிகை கனத்தில் தோள் இறங்கிப்போயிருந்தது. மாப்பிள்ளை பொம்மை வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தது. அந்த விஷயத்தில் மட்டும் தத்ரூபம்.

டிக்கெட் கொடுக்கும் அம்மாள் பெயர் லத்தீஃபா. என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து முத்தம் கொடுத்தாள். எனக்குப் பழக்கமில்லாததால் மூக்கும் மூக்கும் இடித்துக்கொண்டன. பிறகு மேஜைக்கு அடியில் குனிந்து, ஒரு சிவப்பு மெத்தைத் தலையணையை எடுத்து என் கணவர் கையில் கொடுத்தாள். அவரும் வாங்கிக்கொண்டு முற்றத்துக் கல் பெஞ்சில் போட்டு உட்காரப்போனார். பாதியில் என் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டார்.

“அது யாருது?”

“பொதுவா... வாறவங்களுக்குக் குடுப்பாங்க.”

எனக்குக் கொடுக்கவில்லை. பின்னால் வந்த ஜெர்மன்காரத் தம்பதிக்கும் கொடுக்கவில்லை.

லத்தீஃபாவுக்கு அறுபது வயது இருக்கும். கீழ்வரிசையில் பல் இல்லை. பஞ்சாபி அம்மாள் சொன்ன கதைக்கு அவள் பொருந்தவில்லை. ஆனால் வேலைக்குப் போகிற ஒரு மனுஷருக்கு மியூசியத்தில் ஒரு தலையணை எப்படி வந்தது? நேற்று அந்த மொன்செஃப்பும் வருஷக்கணக்கில் பழகியவர் மாதிரித்தான் கட்டிப்பிடித்தார். இவர் இங்கே யாரோடு வந்து உட்காருகிறார்? அன்று ராத்திரி அவர் தூங்கிய பிறகு அலமாரியைத் திறந்து பார்த்தேன். நான் இஸ்திரி போட்டு அனுப்பிய சட்டைகள். நான் வாங்கிக் கொடுத்த பெல்ட்டில் ஆணி வைத்துக் குத்திய புது ஓட்டைகள். வேறு எதுவும் இல்லை.

நான்காவது நாள் கார்த்தேஜ், துனிஸுக்குப் பக்கத்தில் இடிந்து கிடக்கிற பழைய நகரம். ஏரியின் நடுவே போட்ட கரைமேல் ஒரு சின்ன ரயில் போகிறது. கதவை மூடுகிற வழக்கம் இல்லை. பையன்கள் தொங்கிக்கொண்டு வருகிறார்கள். பாதித் தண்ணீரில் வண்டி நின்றுவிட்டது. ஏன் என்று யாரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. டெல்லியாக இருந்தால் இதற்குள் நான்கு பேர் அரசாங்கத்தைக் கவிழ்த்திருப்பார்கள். இங்கே ஒருவர் பையைத் திறந்து எல்லாருக்கும் பேரீச்சம்பழம் கொடுத்தார். எதிரே இருந்த ஒரு கிழவி என் பொட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஓர் இந்தி நடிகர் பெயரைச் சொல்லி, அவர் சௌக்கியமா என்று கேட்டாள். சௌக்கியம் என்றேன். ஏரியில் செங்கால் நாரைகள் நின்றன. வண்டியைவிட அவை கொஞ்சம் அசைந்தன என்று சொல்லலாம்.

மலை மேல் இருந்த மியூசியம் மராமத்துக்காக மூடியிருந்தது. அதுவரை போனதிலேயே எனக்குப் பிடித்த மியூசியம் அதுதான். பக்கத்தில் இன்னொரு சின்னது திறந்திருக்கிறது என்று என் கணவர் கூட்டிப்போனார். தோட்டத்துக்குள் ஒரே ஒரு கட்டடம். வெளியே புல்லில் உடைந்த தூண்களும் தலை இல்லாத சிலைகளும் கிடந்தன. உள்ளே ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டம். நடுவில் ஓர் ஆசிரியை, பெயர் சமியா என்று பிறகு தெரிந்தது, விரலை நீட்டித் தலை எண்ணிக்கொண்டிருந்தாள். உதடு அசைவதைப் பார்த்தேன். எந்த மொழியாக இருந்தால் என்ன, அந்த முகம் எனக்குத் தெரியும். அவளும் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் வாத்தியார்தான் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவள் ஆங்கிலம் நடத்துகிறவளாம்.

அப்போது ஒரு வயதான காவலாளி கையைத் துடைத்துக்கொண்டு தன் அறையிலிருந்து வந்தார். சாலா மாமா என்று என் கணவர் மரியாதையாகக் கூப்பிட்டார். கிழவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு என் தலைமேல் கை வைக்காத குறையாகப் பேச ஆரம்பித்தார். நீளமாகப் பேசினார். நடுவில் வாசல் வழியே வெளியே ஒரு தூணைக் காட்டினார், தன் அறையைக் காட்டினார், என் கணவரைக் காட்டினார், கடைசியில் வானத்தைக் காட்டினார். 

“என்ன சொல்லுதாரு?”

என் கணவர் வாசல் பக்கம் பார்த்தார். “மழை வரும் போல இருக்கு, குடை கொண்டாந்தீங்களான்னு கேக்காரு.”

அத்தனை பேச்சுக்கும் அர்த்தம் ஒரு குடையா? நான் திரும்பி சமியாவைப் பார்த்தேன். அவள் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. என் கையைப் பிடித்து, “உங்கள் கணவரின் வேலை விஷயம் கேட்க வருத்தமாக இருக்கிறது, சகோதரி. கடவுள் வேறு கதவைத் திறப்பார்” என்றாள்.

“அவர் என்ன சொன்னார்? ஒரு வார்த்தை விடாமல் சொல்லுங்கள்.”

அவள் என் கணவரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். தான் ஏதோ தவறு செய்துவிட்டோம் என்று அவளுக்குப் புரிந்திருக்கும். ஆனாலும் சொன்னாள்.

“கடைசியில் வந்துவிட்டாயா மகளே என்கிறார். வேலை போன மனுஷனை இத்தனை மாசம் தனியாக விடலாமா என்கிறார். வெயில் காலத்தில் அந்தத் தூண் பக்கம் உட்கார்ந்திருப்பானாம். மழை வந்தால் இவர் அறையில் உட்காருவானாம். நல்லவன், ஆனால் கல்லோடு கல்லாகிக்கொண்டிருக்கிறான், வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போ என்கிறார்.”

எனக்கு முதலில் வந்தது நிம்மதி. பெண் விஷயம் இல்லை. அடுத்து வந்தது கோபம். அது எவ்வளவு பெரிதென்றால், என்ன செய்வதென்று தெரியாமல் அந்தப் பிள்ளைகளை நானே எண்ண ஆரம்பித்துவிட்டேன். எண்ணி முடித்து, ஒன்று குறைகிறது என்று சமியாவிடம் சொன்னேன். கக்கூஸில் இருக்கிறான் என்றாள்.

வெளியே போய் அந்தத் தூண் பக்கத்திலேயே நின்றேன். அவர் பின்னால் வந்தார்.

“எப்ப?”

“மார்ச்ல. வேலையை நடுவுல நிறுத்திட்டாங்க. எல்லாரையும் அனுப்பிட்டான். வீட்டுக்கு மட்டும் வருசக் கடைசி வரைக்கும் வாடகை குடுத்துருக்கான்.”

“ஆபீஸ்?”

“ஆபீஸே இல்ல, செல்வி.”

“அப்ப மீட்டிங், மீட்டிங்னு குசுகுசுத்திய?”

“மியூசியத்துக்குள்ள சத்தமாப் பேசக் கூடாதுல்லா.”

சிரிப்பு வந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. சிரித்தால் எல்லாம் போச்சு. “எதுக்கு மறைச்சிய? நான் என்ன, தின்னுறவா போறேன்?”

“ரெண்டு மாசத்துல வேற கெடைச்சிரும்னு நெனச்சேன். எழுதிப் போட்டேன். கெடைக்கல. கவர்மெண்ட் வேலையை விடாதீங்கன்னு நீ எத்தனை தடவை சொன்ன? குவார்ட்டர்ஸைக் காலி பண்ணிட்டு நீ அந்த முனிர்க்கா மாடிப்படி ஏறும்போதெல்லாம்...” நிறுத்திவிட்டார். புல்லைக் காலால் தள்ளிக்கொண்டே சொன்னார். “ரூம்ல உக்காந்தா பைத்தியம் புடிச்சிரும். காலைல குளிச்சு, சட்டை போட்டு, எங்கயாவது போகணும்லா. மியூசியத்துல போய் எவ்வளவு நேரம் உக்காந்தாலும், நீ யாரு, என்ன வேலை பாக்கேன்னு யாரும் கேக்க மாட்டான். கேட்டாத்தானே சொல்லணும். சாலா மாமா ஒருத்தர்தான் கேட்டாரு. சொன்னேன்.”

“அவர்ட்ட சொல்லத் தெரிஞ்சுது.”



திரும்பும் ரயில் ஒழுங்காக ஓடியது. வேண்டும் என்கிற நேரத்தில் நிற்காது.  இறங்கும் இடத்தில் எண்ணெயில் பொரித்த பெரிய வளையம் ஒன்றைச் சர்க்கரையில் புரட்டி விற்றார்கள். மீன் இல்லாத பண்டம் அது ஒன்றுதான் போலிருக்கிறது. ஒன்று வாங்கிப் பாதியைப் பிய்த்து என் கையில் கொடுத்தார். கோபம் இருந்தாலும் பசி வேறு. சாப்பிட்டேன்.

மறுநாள் விடியும்போது கண் விழித்துப் பார்த்தேன். அவர் முகம் மழித்து, சட்டையை இஸ்திரி போட்டு மாட்டி, தோளில் பையோடு கதவுப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். எங்கே என்று கேட்டதும்தான் அவருக்கே உறைத்தது. பையை இறக்கி வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

“திங்கக்கிழமை எல்லா மியூசியமும் லீவுன்னு சொன்னியளே. அன்னைக்கு எங்க போவிய?”

“போக மாட்டேன்” என்றார். “திங்கக்கிழமைதான் கஷ்டம்.”

இத்தனை நாள் நான் சேர்த்துவைத்திருந்த கோபத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? எழுந்து போய் டீ போட்டேன். வீட்டை ஒழிப்பதென்று டீ ஆறுவதற்குள் முடிவாகிவிட்டது. என்னோடே அவரும் திரும்புவது. அவர் மறுக்கவில்லை. ஒரே ஒரு விஷயம் கேட்டார். சொல்லாமல் போகக் கூடாது, எல்லாரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வர வேண்டும் என்றார்.

ஆக, ஒரு தடவை பார்த்ததே போதும் என்று நினைத்த மியூசியங்களை நான் இரண்டாம் தடவையும் பார்க்க வேண்டியதாயிற்று. மொன்செஃப் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சொல்லச் சொல்லக் கேட்காமல் என் கணவர் கன்னத்தில் முத்தம் கொடுத்தார். லத்தீஃபா அந்தச் சிவப்புத் தலையணையை எடுத்து நீட்டினாள். விமானத்தில் ஏற்ற முடியாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். அவளுக்கு நான் சொன்னது புரியவில்லை, தொனி புரிந்தது. தலையணையை மறுபடி மேஜைக்கு அடியில் வைத்துவிட்டு, யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்று என் கணவரிடம் சொன்னாளாம். இந்த மொழிபெயர்ப்பை நான் நம்பினேன்.

சாலா மாமா எங்களுக்குப் புதினா போட்ட டீ கொடுத்தார். அரைக் கிளாஸ் டீ, அரைக் கிளாஸ் சர்க்கரை. தாங்க முடியாத இனிப்பு. மிச்சம் வைக்காமல் குடித்தேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டு தமிழில், “ரொம்ப நன்றி ஐயா, நான் பாத்துக்கிடுதேன்” என்றேன். அவர் தலையாட்டினார். என் கணவர் மொழிபெயர்க்க வாயைத் திறந்தார். வேண்டாம் என்று கிழவர் கை காட்டினார்.

டெல்லியில் இறங்கியபோது வழக்கம்போலப் புகை. கார்த்திக் காரோடு வந்திருந்தான். நான் முன்னால் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் பின்னால், பெட்டிகளுக்கு நடுவில். வழி நெடுக அவர் என்ன சொல்லப்போகிறார் என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தேன். பையனுக்குக் கார் கடன் வேறு இருக்கிறது. அப்பாவுக்கு வெளிநாட்டு வேலை என்று ஆபீஸ் முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறான்.

அவனே கேட்டான். “அப்பா, கித்னே தின் லீவு?”

என் வாய் முந்திக்கொண்டது. “ஒரு மாசம். ஆபீஸ்ல குடுத்துருக்காங்க. அதுக்கப்புறம் பாத்துக்கலாம்.”

எவ்வளவு சுலபமாக வந்தது! யோசிக்கவே இல்லை. குரல்கூடத் தாழவில்லை.

“லீவு இல்லடா” என்றார் பின்னாலிருந்து. “வேலை போயிருச்சு. மார்ச்லயே போயிருச்சு. உங்கிட்டயும் அம்மாட்டயும் சொல்லல. சொல்ல வெக்கமா இருந்துச்சு.”

 கார்த்திக் இன்டிகேட்டரைப் போட்டு, மஹிபால்பூர் தாண்டி ரோட்டோரமாக வண்டியை நிறுத்தினான். எஞ்சினை அணைத்துவிட்டுச் சீட் பெல்ட்டைக் கழற்றினான். பெரிய மனுஷன் மாதிரி ஏதாவது பேசிவிடுவானோ, இல்லை கத்துவானோ என்று எனக்குப் பதறியது. திட்டினால் நான் யார் பக்கம் பேசுவது என்றுகூட யோசித்துவிட்டேன்.

“அம்மா, நீ பீச்சே போ” என்று பின்சீட்டைக் காட்டினான். “அப்பா, நீங்க முன்னால வந்து உக்காருங்க.”

நான் இறங்கினேன். அவரும் பெட்டிகளை ஒதுக்கிக்கொண்டு மெதுவாக இறங்கினார். முழங்கால் பிடித்துக்கொண்டுவிட்டது. அவர் முன்கதவைப் பிடித்து உள்ளே உட்கார நேரம் ஆனது. பின்னால் வந்த லாரிக்காரன் விடாமல் ஹார்ன் அடித்தான்.

அடிக்கட்டும் என்று நான் ரோட்டிலேயே நின்றேன்.